சிம்மில் எரியும் பாய்லர்: வீட்டு வெப்பக் கட்டுப்பாட்டின் நானூறு ஆண்டுகள்

முன்னுரை

பால் பொங்கி வரும்போது அனுபவமுள்ள கை அடுப்பை அணைப்பதில்லை, சிம்மில் வைக்கிறது. தேவை குறைந்தால் தழலும் குறைய வேண்டும் என்பது அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரிந்த அறிவு. ஆனால் குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்கும் பாய்லருக்கு இந்த அறிவு கைவர நெடுங்காலம் பிடித்தது. வந்த பிறகும் பல வீடுகளில் அது பயன்படாமலே கிடக்கிறது.

பாய்லர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குளியலுக்கு வெந்நீர் போடும் செம்புப் பாய்லர். இங்கே பேசப்படுவது வேறு. இங்கிலாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் எரிவாயு பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும். பம்பு அந்நீரை அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு நீர் மீண்டும் பாய்லருக்குத் திரும்பும். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் அறையின் வெப்பநிலையைப் பார்த்துப் பாய்லருக்குக் கட்டளையிடும்.

அந்தக் கட்டளையின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். தழலைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் முறை அண்மைக்காலக் கண்டுபிடிப்பு என்று பொதுவாக எண்ணப்படுகிறது. வரலாற்றைப் பின்தொடர்ந்தால் வேறொரு முடிவு கிடைக்கிறது. முதல் கட்டுப்பாட்டுக் கருவிகள் தழலை ஏற்றி இறக்கவே செய்தன. மின்சாரம் வந்தபோது அந்தத் திறன் கைநழுவியது. கணினிச் சில்லு வந்தபோது அது திரும்பக் கிடைத்தது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முட்டைக்காகப் பிறந்த கருவி

வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் கருவி மனிதர் குளிர்காயப் பிறக்கவில்லை. கோழிக்குஞ்சு பொரிக்கப் பிறந்தது. நெதர்லாந்தின் அல்க்மாரில் 1572-இல் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த கொர்னேலிஸ் டிரெபெல், 1620-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் அடைகாப்புப் பெட்டியை அமைத்தார். பெட்டிக்குள் சாராயம் நிரம்பிய குழல் ஒன்று. அதன் மறுமுனையில் பாதரசம். சூடு ஏறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசத்தின் மேல் மிதக்கும் தண்டு உயர்ந்து, உலையின் காற்றுவழியை மூடும். சூடு இறங்கினால் தண்டு தாழ்ந்து வழி திறக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பாதரசம் ஒரேயடியாக எழுவதில்லை. சிறிது சூடு ஏறினால் சிறிது எழும். காற்றுவழியும் சிறிதே குறுகும். பிழை எவ்வளவோ அவ்வளவே திருத்தம். இன்றைய பொறியியல் இதை விகிதமுறைக் கட்டுப்பாடு என்கிறது.

பாரிசில் ழான் சிமோன் பொன்மேன் 1777-ஐ ஒட்டி இதே வேலையை வெந்நீரைக் கொண்டு செய்தார். பாய்லரில் சூடான நீர் குழாய்வழி ஏறி, அடைகாப்பு அறையைச் சுற்றி, குளிர்ந்து கனத்துக் கீழிறங்கித் தானாகவே பாய்லருக்குத் திரும்பியது. பம்பு இல்லாத அந்தச் சுழற்சி பிற்கால வீட்டு வெந்நீர்ச் சூடேற்றத்தின் முன்னோடிகளுள் ஒன்று. அதன் கட்டுப்பாட்டுக் கருவி ஈயக் குழாய்க்குள் வைத்த இரும்புத் தண்டு. ஒரே சூட்டில் ஈயம் இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக நீளும். அந்த நீட்சி வேறுபாட்டை நெம்புகோல் பெரிதாக்கி உலையின் காற்றுக் கதவை அசைத்தது. இதுவும் சிறுகச் சிறுகத் திருத்தும் கருவியே.

இருவேறு உலோகங்கள் இருவேறு அளவில் நீளும் இயல்பை ஒரே பட்டையில் இணைத்தவர் கடற்பயணக் கடிகாரத்தால் புகழ்பெற்ற ஜான் ஹாரிசன். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கடிகாரத்தின் வெப்பப் பிழையைத் திருத்த அவர் ஈருலோகப் பட்டையைப் பயன்படுத்தினார். சூட்டில் வளையும் அந்தப் பட்டையை வெப்பக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்து, 1830-இல் காப்புரிமை பெற்று, கருவிக்குத் ‘தெர்மோஸ்டாட்’ என்று பெயரிட்டவர் ஸ்காட்லாந்து வேதியியலர் ஆண்ட்ரூ யூர். கிரேக்க மொழியில் ‘தெர்மோஸ்’ சூடு. ‘ஸ்டாட்டோஸ்’ நிலைத்து நிற்பது.

இந்த மரபின் கடைசி வாரிசை ஐரோப்பியச் சிற்றூர்களின் விறகு பாய்லர்களில் இன்றும் பார்க்கலாம். பாய்லரின் நீர்ப்பகுதியில் திருகிய உணர்கருவியிலிருந்து ஒரு நெம்புகோல் நீண்டிருக்கும். அதன் நுனியில் மெல்லிய சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் காற்று நுழையும் தகட்டுக் கதவு. நீர் சூடாகச் சூடாகச் சங்கிலி தளர்ந்து கதவு இறங்கும். மின்சாரமோ மின்கலமோ வேண்டாம். தழல் தானாகத் தணியும்.

மின்சாரம் கேட்ட ஒற்றைக் கேள்வி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வொயிட்வாட்டர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் பேராசிரியராக இருந்தார். பணியாளர் வகுப்பறைதோறும் வந்து வெப்பமானியைப் பார்ப்பார். பிறகு நிலவறைக்குப் போய்க் காற்றுக் கதவுகளைத் திருத்துவார். பாடம் தடைபடும். 1883-இல் ஜான்சன் காப்புரிமை பெற்ற மின்தெர்மோஸ்டாட், அறை அளவுமீறிச் சூடானாலோ குளிர்ந்தாலோ நிலவறைக்கு மணியடித்துச் சொன்னது. 1885-இல் மில்வாக்கியில் அவர் தொடங்கிய நிறுவனமே பிற்கால ஜான்சன் கன்ட்ரோல்ஸ்.

அதே ஆண்டுகளில் மினியாபோலிசில் ஆல்பர்ட் புட்ஸ் ஆளையே விலக்கிய ஓர் அமைப்பைச் செய்தார். அறை குளிர்ந்தால் தெர்மோஸ்டாட்டில் மின்சுற்று இணையும். நிலவறையில் மோட்டாரின் தடை விலகி அதன் புயம் அரைச்சுற்று சுற்றும். சங்கிலி இழுபட்டு நிலக்கரி உலையின் காற்றுக் கதவு திறக்கும். அறை சூடானால் இன்னொரு அரைச்சுற்று, கதவு மூடும். இந்தத் தொழிலின் வழிவந்த நிறுவனம் 1927-இல் மார்க் ஹனிவெல்லின் நிறுவனத்தோடு இணைந்தது.

புட்ஸின் கருவி பெரும் வசதி. விடியலில் நடுங்கிக்கொண்டே நிலவறைக்கு இறங்கும் வேலை போயிற்று. ஆனால் நுட்பமான ஒன்றும் அதோடு போயிற்று. மின்சுற்றுக்கு இணைவது, பிரிவது என இரண்டே நிலைகள். புயம் அரைச்சுற்று சுற்றும் அல்லது நிற்கும். கதவு முழுக்கத் திறக்கும் அல்லது முழுக்க மூடும். டிரெபெலின் பாதரசம் ‘எவ்வளவு?’ என்று கேட்டது. புட்ஸின் கம்பி ‘போதுமா, போதாதா?’ என்று மட்டுமே கேட்டது.

நிலக்கரி இருந்தவரை இது பெரிதாக உறைக்கவில்லை. காற்றுக் கதவை மூடினாலும் கங்கு கனன்றுகொண்டிருக்கும். எண்ணெயும் எரிவாயுவும் வந்தபின் நிலைமை மாறியது. வால்வு மூடினால் தழல் அக்கணமே அணையும். திறந்தால் முழு வீச்சில் எரியும். பிரிட்டனில் 1952 டிசம்பரில் லண்டனை மூடிய கொடிய புகைமூட்டமும் அதைத் தொடர்ந்த 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும் வீடுகளை நிலக்கரியிலிருந்து விலக்கின. 1965-இல் வடகடலில் எரிவாயு கிடைத்தது; 1967 முதல் 1977 வரை நாடெங்கும் அடுப்புகளும் பாய்லர்களும் அந்த வாயுவுக்கு மாற்றப்பட்டன. ஒரே வீச்சில் எரிந்து, ஒரேயடியாக அணையும் பாய்லர்கள் வீட்டுக்கு வீடு நுழைந்தன.

ஒற்றைக் கேள்வியின் குறையைத் தெர்மோஸ்டாட் செய்தவர்களும் உணர்ந்தே இருந்தனர். அறை வேண்டிய சூட்டை எட்டியதும் பாய்லர் அணைந்தாலும், ரேடியேட்டரில் தேங்கிய வெப்பம் அறையை மேலும் சூடாக்கும். இதைத் தடுக்கத் தெர்மோஸ்டாட்டுக்குள்ளேயே ஒரு சிறு மின்தடையை வைத்தனர். பாய்லர் எரியும்போது அது மெல்லச் சூடாகி, அறைக்கு முன்பே தெர்மோஸ்டாட்டை நிறைவடையச் செய்து, தழலைச் சற்று முன்கூட்டியே அணைக்கும். ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்து ஹனிவெல் 1953-இல் வெளியிட்ட புகழ்பெற்ற வட்டத் தெர்மோஸ்டாட்டிலும் இந்த ஏற்பாடு உண்டு. ஊகித்து முந்தி அணைப்பது சிறந்த உத்தி. ஆயினும் தழல் இன்னும் இரண்டு நிலைகளிலேயே இருந்தது.

இடைப்பட்ட வழிகள்

இரண்டு நிலைத் தழலோடு வாழ்ந்தபடியே அளவைத் திரும்பப் பெற மூன்று வழிகள் முயலப்பட்டன.

முதலாவது, அளவை ரேடியேட்டருக்கே கொண்டுபோவது. டென்மார்க்கின் மாட்ஸ் கிளௌசன் 1943-இல் காப்புரிமை பெற்ற தெர்மோஸ்டாட் வால்வு ரேடியேட்டரின் வாயில் அமர்ந்து, அறையின் சூட்டுக்கேற்ப நீரைச் சிறுகச் சிறுகத் திறந்து மூடியது. அவர் நிறுவிய டான்ஃபாஸ் நிறுவனம் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. பொன்மேனின் கருவியைப் போல இதற்கும் மின்சாரம் தேவையில்லை.

இரண்டாவது, வெளிக்குளிரைப் பார்த்து நீரின் சூட்டைத் தீர்மானிப்பது. வடக்குச் சுவரில், வெயில் படாத இடத்தில், ஓர் உணரி வைக்கப்படும். வெளியே குளிர் கூடினால் ரேடியேட்டருக்குப் போகும் நீரின் சூடு கூடும், குறைந்தால் குறையும். இந்தத் தொடர்பைக் காட்டும் கோட்டை ஜெர்மானியர் ‘வெப்பக் கோடு’ என்பர். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1978-இல் வந்த ஜெர்மானிய விதிமுறை இவ்வகைத் தானியங்கிக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் அத்தகைய கட்டாயமின்றி அறைத் தெர்மோஸ்டாட்டோடு நின்றுவிட்டது. இரு நாட்டுச் சூடேற்ற மரபும் பிரிந்த இடங்களில் இது ஒன்று.

மூன்றாவது, நேரத்தையே அளவாக்குவது. ஒரு மணி நேரத்தைப் பத்து நிமிடங்கள் கொண்ட ஆறு பகுதிகளாகப் பிரித்து, தேவைக்கேற்ப ஒவ்வொரு பகுதியிலும் மூன்று நிமிடமோ ஏழு நிமிடமோ பாய்லரை எரிப்பது. மின்னணுத் தெர்மோஸ்டாட்டுகளில் பரவிய இம்முறை, நெடுநேரம் நீடிக்கும் சிறு பிழையையும் கூட்டிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். இதன் கோட்பாட்டு வேர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1868-இல் எழுதிய கட்டுரை வரை செல்கிறது. பிழைக்கேற்பத் தணிக்கும் கருவிகளையும் பிழையை முற்றாக நீக்கும் கருவிகளையும் அவர் அதில் வேறுபடுத்திக் காட்டினார்.

தழலே தாழ்ந்தது

தழலைத் தாழ்த்துவது கேட்பதற்கு எளிது. பழைய பாய்லரில் எரிவாயுவைக் குறைத்தாலும் புகைபோக்கி இழுக்கும் காற்று அதற்கேற்பக் குறையாது. மிகுதிக் காற்று வெப்பத்தை வாரிக்கொண்டு வெளியேறும். ஆகவே சிம்மில் வைப்பதால் திறன் கெட்டது. காற்றும் வாயுவும் சேர்ந்து குறைய வேண்டும். அதற்கு வழி செய்தது, வேகம் மாறும் மின்விசிறியோடு காற்றையும் வாயுவையும் முன்கலந்து எரிக்கும் பர்னர். விசிறி வேகமெடுத்தால் காற்றின் அழுத்தம் கூடும். அந்த அழுத்தமே வாயு வால்வைத் திறக்கும். விசிறி தணிந்தால் வாயுவும் தானே தணியும். ஆகவே பாய்லரின் மூளையான கணினிச் சில்லு விசிறியின் வேகத்தை மட்டும் ஆண்டால் போதும்.

இதே காலத்தில் இன்னொரு தேவையும் எழுந்தது. எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. அதைப் புகைபோக்கி வழியே விட்டால், இயற்கை எரிவாயுவின் மொத்த வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வீண். ஆவியைப் பாய்லருக்குள்ளேயே நீராக்கினால் அந்த வெப்பம் மீளும். இதைச் செய்யும் கண்டென்சிங் பாய்லரை நெதர்லாந்தின் நெஃபிட் நிறுவனம் 1981-இல் வீடுகளுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: புகையில் உள்ள ஆவி ஏறத்தாழ 55 டிகிரி செல்சியசுக்குக் கீழேதான் நீராகத் தொடங்கும். ரேடியேட்டரிலிருந்து திரும்பும் நீர் அதைவிடச் சூடாக இருந்தால், கண்டென்சிங் என்பது பெயரளவிலேயே நிற்கும்.

நம் வீட்டு ஏசியின் வரலாறும் இதே ஆண்டுகளைத் தொடுகிறது. 1980, 1981-இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் இன்வெர்ட்டர் ஏசியை அறிமுகம் செய்தது. கம்ப்ரெசரை நிறுத்தி நிறுத்தி ஓட்டாமல் மெதுவாகத் தொடர்ந்து ஓட்டுவது அதன் அடிப்படை. இன்வெர்ட்டர் ஏசி ஏன் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது என்று அறிந்தவருக்கு, தழல் தாழும் பாய்லரின் தத்துவம் பாதி புரிந்ததாகிவிடும்.

ஒரு வீட்டின் கணக்கு

கணக்கில்தான் இதன் அருமை தெரியும். லண்டனில் நடுத்தர அளவு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே மைனஸ் 2 டிகிரி, உள்ளே 20 டிகிரி இருக்கையில் அவ்வீடு 6 கிலோவாட் வெப்பத்தை இழக்கிறது என்று கொள்வோம். வெளியே 9 டிகிரி ஆனால் வெப்பநிலை வேறுபாடு 22-இலிருந்து 11 ஆகக் குறைகிறது; தேவை 3 கிலோவாட்.

அவ்வீட்டில் பொருத்தப்படுவதோ 24 கிலோவாட் பாய்லர். காரணம் குளியலறை. தொட்டியில் சேமிக்காமல் குழாய் திறந்ததும் வெந்நீர் தரும் ‘காம்பி’ வகைப் பாய்லர் நிமிடத்துக்கு 10 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 45-க்கு ஏற்ற ஏறத்தாழ 24 கிலோவாட் வேண்டும். குளியலுக்கு அளவெடுத்த தழல் அறைக்கு எட்டு மடங்கு பெரிது.

நான்கில் ஒரு பங்கு வரை மட்டுமே தாழும் பாய்லரானால் அதன் குறைந்தபட்சம் 6 கிலோவாட். 3 கிலோவாட் வேண்டிய நாளில் அது பாதி நேரம் அணைந்தே கிடக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு வரை தாழ்ந்தால் 2.4 கிலோவாட், அதே நாளில் அது அணையாமலே எரியலாம். அணைந்து எரியும் ஒவ்வொரு முறையும் விசிறி சுழன்று பழைய காற்றை வெளியேற்றும், பொறி டிக் டிக்கென்று தெறிக்கும், தழல் பற்றும், நீர் விரைந்து சூடேறித் தழல் மறுபடி அணையும். இரவின் அமைதியில் இதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவருக்கு, வெப்பம் வீணாகும் ஓசை அதுவென்று தெரிவதில்லை.

இனி நீரின் சூடு. ஐரோப்பியத் தரத்தில் ரேடியேட்டரின் திறன், நீரின் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி கூடுதலாக இருக்கும்போது அளக்கப்படுகிறது. அதாவது 75 டிகிரியில் போய் 65-இல் திரும்பும் நீர். தேவை பாதியானால் வேறுபாடு ஏறத்தாழ 29 டிகிரியே போதும் என்கிறது ரேடியேட்டரின் இயற்பியல். அதாவது சராசரி 49 டிகிரி நீர். திரும்பும் நீர் 55-க்குக் கீழே வந்துவிடுகிறது, ஆவி நீராகிறது, இழந்திருக்க வேண்டிய வெப்பம் வீட்டுக்குள் தங்குகிறது. தழல் தாழ்வதும் நீரின் சூடு தாழ்வதும் ஒன்றுக்கொன்று துணை.

இரண்டு கம்பிகளின் உரையாடல்

இங்கே பலரும் குழம்பும் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நவீன பாய்லர் எதனோடு இணைத்தாலும் தழலை ஏற்றி இறக்கும். ஆனால் எதைப் பார்த்து? பழைய தெர்மோஸ்டாட்டோடு இணைத்தால் அதற்கு அறையின் நிலை தெரியாது. தான் அனுப்பும் நீர் 75 டிகிரியை எட்டியதா என்று மட்டும் பார்த்து, எட்டும்வரை எரிந்து, பிறகு தணிந்து, கடைசியில் அணையும். நீரைப் பார்த்துத் தாழ்வது ஒன்று. அறையின் தேவையைப் பார்த்துத் தாழ்வது வேறொன்று. இரண்டாவதற்குத் தெர்மோஸ்டாட் ‘எரி, அணை’ என்பதற்கு மேல் பேச வேண்டும்.

அந்தப் பேச்சுமொழிகளுள் ஒன்று ஓப்பன்தெர்ம். ஹனிவெல்லில் உருவான இதைப் பொதுவாக்க 1996-இல் ஒரு சங்கம் அமைந்தது. பழைய தெர்மோஸ்டாட்டுக்குப் போட்டிருந்த அதே இரண்டு கம்பிகள் இதற்குப் போதும். எந்தக் கம்பி எந்தத் திருகில் என்ற கவலையும் இல்லை. ஏறத்தாழ நொடிக்கொரு முறை தெர்மோஸ்டாட் பேசும்: ‘48 டிகிரி நீர் அனுப்பு.’ பாய்லர் பதில் சொல்லும்: நீர் இப்போது எத்தனை டிகிரி, தழல் எத்தனை விழுக்காடு, பழுது ஏதும் உண்டா. அறை இலக்கை நெருங்க நெருங்கத் தெர்மோஸ்டாட் 46, 44 என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டே வரும். பல ஜெர்மானிய நிறுவனங்கள் ஈபஸ் போன்ற வேறு மொழிகளைத் தேர்ந்தன. ஒரு மொழி பேசும் தெர்மோஸ்டாட் வேறு மொழிப் பாய்லரோடு இணைந்தால் இரண்டும் பழைய ‘எரி, அணை’ நிலைக்கே இறங்கும்.

சட்டமும் மெல்லப் பின்தொடர்ந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 முதல் புதிய எரிவாயு பாய்லர் பொதுவாகக் கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்றாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் வெப்பக் கட்டுப்பாடுகளை எட்டு வகுப்புகளாகப் பிரித்து மதிப்பெண் தந்தது: எரி–அணை தெர்மோஸ்டாட்டுக்கு 1 விழுக்காடு, தழலை ஏற்றி இறக்கும் அறைத் தெர்மோஸ்டாட்டுக்கு 3, வெளிக்குளிரையும் அறையையும் சேர்த்துப் பார்ப்பதற்கு 4, மூன்று அறைகளுக்குக் குறையாமல் உணரி வைத்துத் தழலை ஏற்றி இறக்குவதற்கு 5. இவை விதிமுறை வழங்கும் மதிப்பெண்கள். ஒரு வீட்டின் உண்மையான மிச்சம் அதன் சுவரையும் ரேடியேட்டரையும் பழக்கத்தையும் பொறுத்தது. இங்கிலாந்தின் 2018 விதி, புதிய காம்பி பாய்லரோடு வெளிக்குளிர்க் கட்டுப்பாடு, அறைத்தேவைக் கட்டுப்பாடு, புகைவெப்ப மீட்பு, தானே கற்றுச் சீராக்கும் தெர்மோஸ்டாட் ஆகிய நான்கில் ஒன்று கட்டாயம் என்றது. நான்கில் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், நீரின் சூட்டைத் தாழ்த்தாத தேர்வுக்கும் கதவு திறந்தே இருந்தது.

முடிவுரை

டிரெபெலின் பாதரசமும் பொன்மேனின் ஈயக் குழாயும் தேவையின் அளவை உலைக்குச் சொல்லின. மின்சாரம் அந்த அளவை ஆம், இல்லை என்று சுருக்கி, பதிலாகத் தொலைவையும் வசதியையும் தந்தது. விசிறியும் சில்லும் இரண்டு கம்பி உரையாடலும் தொலைவை இழக்காமல் அளவை மீட்டுத் தந்தன. ஒரு தொழில்நுட்பம் முன்னேறும்போது முந்தைய நுட்பம் ஒன்று சத்தமின்றி விடுபட்டுப்போகலாம். அதைத் திரும்பிப் பார்த்துத் தேடுவதும் தொழில்நுட்ப வரலாற்றின் கடமை.

எரிவாயு பாய்லரின் காலம் முடியத் தொடங்கியிருக்கிறது. அதன் இடத்துக்கு வரும் ஹீட் பம்புக்குத் தாழ்ந்த சூட்டு நீரும் இடைவிடாத மெதுவான ஓட்டமும் இன்னும் இன்றியமையாதவை. ஆகவே இந்தப் பாடம் பாய்லரோடு முடிவதில்லை.

லண்டனிலும் ஐரோப்பிய நகரங்களிலும் வாழும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பாய்லர் ரேடியேட்டருக்கு எத்தனை டிகிரி நீர் அனுப்புகிறது என்று இன்றே பாருங்கள். காம்பி பாய்லரானால் அதை 60 அல்லது அதற்கும் கீழே இறக்கிப் பாருங்கள். அறைக்குச் சூடு போதவில்லையென்றால் மட்டும் ஏற்றுங்கள். வெந்நீர்த் தொட்டி உள்ள வீடானால், கிருமி வளராதிருக்கத் தொட்டி நீர் 60 டிகிரியை எட்ட வேண்டும். அங்கே வேலை தெரிந்தவரைக் கேட்டே மாற்றுங்கள். புதுத் தெர்மோஸ்டாட் வாங்கும்போது, அது உங்கள் பாய்லரின் மொழியைப் பேசுமா என்று கேட்டு வாங்குங்கள். தழலைச் சிம்மில் வைக்கும் திறன் அந்தப் பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வது மட்டுமே மீதி.